நாலு காலிலும் ஓடிய மான்

நாலு காலிலும் நன்றாக ஓடியது என்று நான் சொன்னேன். அது பொய்.

அந்த மான் மூன்று காலில் ஓடியது. முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே தனியாக ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் குசினியின் நீளம்கூட இல்லாத தூரத்தில் அது நின்றது. நான் அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. பிறகு எந்தப் பக்கம் போனது என்பதும் எனக்குத் தெரியும். கேட்டவரிடம் எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன்.

இதை இவ்வளவு காலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லவில்லை. கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட இந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போய்த்தான் கும்பிடுகிறேன். உங்களுக்குச் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது... அந்தத் துணிவுதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயந்த சுபாவம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வீட்டுக்கு ஓடுகிறவன். தொலைபேசி அடித்தால் யார் செத்தது என்றுதான் முதலில் நினைப்பேன். ஆனால் பயந்தவன் செய்ததெல்லாம் பயத்தால் செய்தது ஆகுமா? அப்படிச் சொல்லித் தப்பிக்கொள்ளலாமா? எனக்கு விளங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் பாருங்கள்.

சுவிஸில், ஆரா நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற ஒரு கிராமத்தில், காட்டோரத்து உணவகம் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கியவன், இப்போது சமைக்கிறேன். இலை உதிரும் காலம் வந்தால் எங்கள் வாசலில் மான் இறைச்சிப் பலகை ஏறிவிடும். ஊர் வேட்டைச் சங்கத்தார் கொண்டுவரும் மான்களை வெட்டிப் பிரித்துச் சிவப்பு வைனில் ஊறப்போடுவது என் வேலை. இங்கே 'றே' என்று சொல்லுகிற சின்ன மான், ஆட்டைவிடப் பெரிதில்லை. எத்தனை மானின் முதுகெலும்பிலிருந்து இறைச்சியை உருவியிருப்பேன்... அந்த மானுக்கு முன்னர் உயிரோடு ஒன்றைக்கூட அருகில் பார்த்ததில்லை.

அந்த மான்களைப் பின்கதவு வழியாகக் கொண்டுவருகிறவர் வேர்ணர். தச்சுவேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வந்த புதிதில் எனக்கு டொச் என்கிற ஜேர்மன் பாஷையைச் சொல்லித்தந்தது எந்த வகுப்பும் அல்ல, அந்தப் பின்கதவில் கோப்பியோடு நின்று கதைத்த வேர்ணர்தான். மனதுக்குள் அவர் எனக்கு அண்ணை. வாயால் வேர்ணர் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இந்த நாட்டு வழக்கம் அது. அவர் டொச்சில் சொன்னதெல்லாம் என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

ஒருநாள் இடியன் துவக்கைப் பற்றி அவருக்குச் சொன்னேன். வன்னியில் என் மாமாவிடம் ஒன்று இருந்தது. குழலின் வாய்க்குள் மருந்தைப் போட்டு, கந்தையை வைத்து இடித்து, சன்னத்தைப் போட்டு மறுபடி இடித்து... ஒரு வெடிதான். அடுத்த வெடிக்கு ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கிற நேரம் வேண்டும். மாமா ஒரு வெடியில் ஒரு மானை விழுத்துகிற கெட்டிக்காரர் என்றேன். உண்மையில் மாமா மான் சுட்டு நான் பார்த்ததில்லை. அவர் காகம் கலைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

வேர்ணருக்கு அது பிடித்துப்போயிற்று.

"ஒரு வெடிதான் எண்டா, வெடிக்க முன்னம் மனுசன் யோசிப்பான்," என்றார். "எங்களுக்கு ரெண்டு குழல். அதாலை ஒருதரும் யோசிக்கிறேல்லை."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்தின் கடைசி வேட்டையிலும் அவர் தன் இரட்டைக்குழல் துவக்கில் ஒரு குழலுக்கு மட்டும்தான் தோட்டா போட்டார். உன் மாமாவுக்காக என்று கண்ணடிப்பார். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கும் இப்போது விலை இருக்கிறது.

வேட்டைக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டவர் அவர்தான். சுடுவதற்கல்ல. காட்டைச் சுற்றித் துவக்குக்காரர்கள் நிற்பார்கள். நாங்கள் கொஞ்சப் பேர் செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, தடியால் மரத்தைத் தட்டி, சத்தம் வைத்துக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் நடக்க வேண்டும். படுத்திருக்கும் மான்கள் எழும்பி வெளியே வரும்.

முதல் தடவை எனக்குச் சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் 'ஹோப் ஹோப்' என்று கத்திக்கொண்டு போக, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றேன்.

"சிவா, நீ மானைக் கலைக்கிறியோ, மான்ரை நித்திரைக்குத் தாலாட்டுறியோ?" என்று ஒருவன் தூரத்திலிருந்து கேட்டான்.

"உன்ரை பாஷையிலை ஏதாவது கத்து," என்றார் வேர்ணர். "மானுக்கு டொச்சும் தெரியாது."

என் வாயில் வந்தது 'அரோகரா'. தேர் இழுக்கும்போது கத்திப் பழகிய தொண்டை, வேறு என்ன தெரியும் அதற்கு? காடு அதிர்ந்தது. வரிசையில் நின்ற சுவிஸ்காரர்களுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய், அவர்களும் கத்தத் தொடங்கினார்கள். ஹாரோ ஹாரா... ஹாரோ ஹாரா... பால்பண்ணைக்காரனும் தபால்காரனும் எங்கள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு பனிப்புகாருக்குள் நடந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெருமையாகவும் இருந்தது. கடவுளின் பெயரைச் சொல்லி மான்களைத் துவக்கின் பக்கம் அனுப்புகிறோமே என்று ஒரு முள்ளும் குத்தியது. பெருமை பெரிதாக இருந்தபடியால் முள்ளை விட்டுவிட்டேன்.

இனி அந்த மார்கழிக்கு வருகிறேன்.

என் மகள் அபிநயா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. முதல் வயிறு கலைந்துபோய், அடுத்தது மூன்று மாதம்கூட நிறையாத நேரம். நானும் என் மனைவி வதனியும் பிள்ளையார் கதை விரதம் பிடித்தோம். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: திருக்கார்த்திகைக்குப் பிறகு இருபத்தொரு நாள் விரதம், இருபத்தொரு இழை நூலைக் காப்பாகக் கட்டிக்கொள்வது, ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. ஒரு நேரச் சாப்பாடு. ஓர் உயிருக்கும் தீங்கு நினைக்கக்கூடாது.

வேறு வருடங்களில் கொஞ்சம் முன்பின்னாகப் பிடித்திருக்கிறேன். அந்த வருடம் இல்லை. பிள்ளையின் பிள்ளை என் மணிக்கட்டில் தொங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, குசினியிலை இறைச்சியை மற்றவன் வெட்டட்டும்," என்றாள் வதனி. "நீங்கள் மரக்கறிப் பக்கம் நில்லுங்கோ. ஒரு பிழையும் விடாதையுங்கோ."

ஓம் என்றேன். அந்த ஓமோடுதான் சனிக்கிழமை காலை காட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஏன் போனேன்? பருவத்தின் கடைசி வேட்டை, ஆள் இல்லை, நீ வந்தே ஆகவேண்டும் என்று வேர்ணர் கேட்டிருந்தார். மாட்டேன் என்று சொல்ல என் வாய்க்குத் தெரியாது. நான் சுடப்போவதில்லையே, நடக்கத்தானே போகிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். கையுறையை மணிக்கட்டுவரை இழுத்து நூலை மறைத்தேன். பிள்ளையாருக்குக் கையுறை மறைக்குமா?

காரில் போகும்போது வேர்ணர் ஒரு விஷயம் சொன்னார். மகளின் வயிற்றைப் பற்றி விசாரித்துவிட்டு, அந்தக் கதையின் தொடர்ச்சியாகத்தான் சொன்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

"பெட்டை மானுகள் ஆடி, ஆவணியிலை சேரும். ஆனா கரு வளராது. ஒரு பொட்டு மாதிரி உள்ளுக்கை நித்திரை கொள்ளும். இந்த மாசம் முடியேக்கைதான் முழிக்கும். அப்பதான் குட்டி வைகாசியிலை, புல்லு வந்தாப் பிறகு விழும். பனிக்குள்ளை விழாது. யார் இதை யோசிச்சு வைச்சது எண்டு சொல்லு பாப்பம்?"

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். வயல் தெரியவில்லை, வீடு தெரியவில்லை, எல்லாம் வெள்ளைப் பனிப்புகார். அதற்குள் எங்கோ காடு. காட்டுக்குள் எங்கோ பெட்டை மான்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு பொட்டு, நித்திரையில்... இத்தனை வருடம் அவற்றின் வயிற்றுப்பக்கத்தை இந்தக் கையால் வெட்டி எறிந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லையே. பயம் என்று அதைச் சொல்ல முடியாது. பெரிய கோபுரத்துக்குக் கீழே நின்று முதல் தடவை அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்குத் தான் எவ்வளவு சின்னது என்று தெரியவருமே, அது.

கடைசிக் கலைப்பு மத்தியானத்துக்குப் பிறகு. வரிசையில் நான் ஒரு கரையில், ஓடைப்பக்கம். பக்கத்தில் நடந்தவனின் சத்தம் கேட்டதே தவிர ஆள் தெரியவில்லை. பீச் என்கிற நெடிய காட்டுமரங்கள் மட்டும் தூண் தூணாக வந்துகொண்டிருந்தன. ஒன்று புகாருக்குள் மறைய அடுத்தது வரும். முடிவில்லாத பிரகாரம் ஒன்றில் நடப்பதுபோல இருந்தது. ஹாரோ ஹாரா என்று தூரத்தில் யாரோ கத்தினான். நானும் கத்தினேன்.

ஒரு வெடி கேட்டது. வேர்ணர் நின்ற பாதையின் பக்கம். ஒரு வெடி மட்டும்.

பிறகு அது வந்தது.

வெடிபட்ட மான் வெளியே ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். இது திரும்பி, எங்கள் வரிசையை அறுத்துக்கொண்டு, நேரே என்னிடம் வந்தது. சத்தமே இல்லை. புகார்தான் கெட்டியாகி மானாக வந்ததோ என்று நினைத்தேன். குளிர்காலச் சாம்பல் நிறம், கறுத்த மூக்கு, நாடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நெற்றியில் கொம்பின் மொட்டுக்கூட இல்லை. பெட்டை.

என்னைக் கண்டு நின்றது. மூச்சு ஆவியாக வந்துகொண்டிருந்தது. நான் சொன்ன அந்தக் கால்... அதைத் தொங்கவிட்டுக்கொண்டு, மற்ற மூன்றிலும் ஒரு ராணியைப்போல நின்றது. அதன் கண்ணில் வலி தெரிந்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் தெரியவில்லை. கண் முழுக்க ஈரமான கறுப்பு, அதற்குள் மரங்கள், மரங்களுக்கு நடுவில் செம்மஞ்சளாக நான். அவ்வளவுதான். இந்த உலகத்தில் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. மூலத்தானத்தில் திரை விலகும்போது எனக்கு ஏற்படவேண்டியது, ஒருநாளும் ஏற்படாதது, அங்கே ஏற்பட்டது.

நான் கத்தியிருக்க வேண்டும். வேட்டைக்கு முன்னரே காலையில் எல்லோருக்கும் சொல்லுவார்கள்: காயப்பட்ட மானைக் கண்டால் கத்து, எந்தப் பக்கம் போனது என்று பார், இடத்தை விட்டு அசையாதே. எனக்கு அது மனப்பாடம். என் வாய் திறந்துதான் இருந்தது. இடக்கை தானாகப் போய் வலக்கைக் கையுறைக்கு மேலால் நூலைத் தடவியது.

உள்ளே அந்தப் பொட்டு நித்திரை கொள்கிறது என்று நினைத்தேன். நான் கத்தினால் அது சாகும் என்று நினைத்தேன். என் வாயால் சாகும். விரதத்தில். அபிநயா...

மான் திரும்பி ஓடைப்பக்கம் இறங்கியது. அதன் பின்பக்க வெள்ளை புகாருக்குள் ஒருமுறை விரிந்து அணைந்தது. நான் கத்தவில்லை.

இதுவரை நடந்ததை நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். மலைத்துப்போனான், வாயடைத்துப்போனான் என்று. இனிமேல் நடந்தது அப்படியல்ல. இனிமேல் நடந்தபோது எனக்கு வாய் நன்றாக வேலை செய்தது.

கொம்பு ஊதிக் கலைப்பு முடிந்தது. நான் பாதைக்கு ஏறி வந்தபோது வேர்ணர் குனிந்து இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நானும் மட்டும்தான்.

"பட்ட மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சது," என்றார். "ஆனா இரத்தம் இல்லை, மயிர் இல்லை. உன்ரை பக்கம்தான் திரும்பினது. கண்டியோ?"

"ஓம், கண்டனான்."

"எப்பிடி ஓடினது?"

"நல்லா ஓடினது. நாலு காலிலையும்."

"எந்தப் பக்கம்?"

மேட்டுப்பக்கம் கையைக் காட்டினேன். நூல் கட்டிய கை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். காயப்பட்ட மானைத் தேடுகிற நாய் வைத்திருக்கிற ஒருவர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கிறார், கூப்பிடத்தான் நினைத்தேன் என்றார். பிறகு மூச்சு விட்டார். "வேறை ஆரும் சொன்னா நம்பமாட்டன். நீ சோத்துக்குள்ளை ஒரு மயிர் கிடந்தாலும் தூரத்திலை நிண்டு காணுறவன்."

என் பயந்த சுபாவத்தைத்தான் அவர் நம்பினார். கவலைக்காரன் கவனமாகப் பார்ப்பான் என்று நம்பினார். சங்கத்தின் தலைவி வந்து கேட்டபோது, "தவறவிட்டிட்டன்," என்றார். என் பெயரைச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

அன்றைக்கு விழுந்த மான்களைக் காட்டோரத்தில் தேவதாரு இலைகளின் மேல் வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தினார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பச்சைக் கொப்பு, கடைசிக் கவளம் என்று. மூலைகளில் தீப்பந்தம். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். கொம்புக்காரர்கள் செத்த மானுக்காக ஊதினார்கள். மற்ற வருடங்களில் கலைப்பு முடிந்ததும் நான் வேலைக்கு ஓடிவிடுவேன்; என் குசினிக்கு வருகிற இறைச்சிக்கு இப்படி ஒரு பூசை நடந்துவிட்டுத்தான் வருகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. உடம்பு சிலிர்த்தது. அதே நேரத்தில் ஓடைப்பக்கம் ஒன்று வாயில் கொப்பில்லாமல், கொம்பொலி இல்லாமல் கிடக்குமோ, நடக்குமோ... இல்லை, அது பிழைத்துவிட்டது, நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு சூப். வேர்ணரை எல்லோரும் பகிடி பண்ணினார்கள். ஒற்றைத் தோட்டாக்காரர், மானுக்குத் தாளம் போட்டார் என்றார்கள். "சமையல்காரனே சாப்பிடாட்டி இந்தச் சூப்பை ஆர் நம்புறது?" என்று என்னையும் கேட்டார்கள். விரதம் என்றேன். கையுறையைக் கழற்றி நூலைக் காட்டினேன். மரியாதையோடு பார்த்தார்கள்.

மாலையில் கோயிலில் கதைப் படிப்புக்குப் போனோம். வதனிக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஒரு பெரிய புண்ணியம் செய்தவனின் அமைதி எனக்குள் இருந்தது. கேளுங்கள், இதுதான் என்னைக் கொல்வது... அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

விரதம் முடிய முன்னரே அதைக் கண்டுபிடித்தார்கள். காட்டுக்குள் பாலர் வகுப்பு நடத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில். சின்னப் பிள்ளைகள்தான் முதலில் கண்டார்கள். நரி பின்பக்கத்தைத் தின்றிருந்தது. மான் உடனே சாகவில்லை என்பதைச் சங்கத்தார் நிலத்தில் வாசித்தார்கள்: படுத்த இடம், எழும்பிய இடம், மறுபடி படுத்த இடம்... உறைபனியில் உடம்புச் சூடு உருக்கிய கிண்ணங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்று, தண்ணீரை நோக்கி.

வேர்ணர் பின்கதவுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் மரக்கறிப் பலகையில் கோவா இலை அரிந்துகொண்டிருந்தேன்.

"நாய் வந்திருந்தா, இருட்ட முன்னம் கண்டுபிடிச்சிருக்கும்," என்றார். "ஒரு வெடி. அதுக்கு நோவு முடிஞ்சிருக்கும். அதுக்குத்தானே நாயளை வைச்சிருக்கிறம். சுடுறதுக்கு நாய் தேவையில்லை, சிவா. இரக்கத்துக்குத்தான் நாய்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது.

நான் அதுவரை எதை இரக்கம் என்று நினைத்தேன்? என் கையில் பாவம் படாமல் இருப்பதை. மான் இறந்தது குளிரில். அதன் வயிற்றில் இருந்த பொட்டும் இறந்தது. நான் காப்பாற்றியது என்னை. ஒரு சத்தம், ஒரேயொரு அரோகரா போதும், அதற்கு அன்றைக்கே விடுதலை கிடைத்திருக்கும். கலைப்பதற்கு எத்தனை தடவை கத்தினேன். அந்த ஒரு தடவைக்கு வாயை மூடிக்கொண்டேன், பக்தியோடு.

சங்கக் கூட்டத்தில் அவரைக் கேட்டார்களாம், பட்டதா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் நாயைக் கூப்பிட வேண்டும் என்று தெரியாதா என்று. தெரியும் என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

"என்னைச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"துவக்கு என்ரை கையிலை இருந்தது. இன்னொருத்தன்ரை கண்ணிலை பழியைப் போடுறதோ?"

பிறகு கோப்பியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சிவா... நாலு காலிலையும்தானோ?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறவரைப்போலக் கேட்டார். நான் உள்ளே போயிருக்கலாம். இரண்டு சொல் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நான் கண்டது அப்பிடித்தான்."

அவர் பலகையிலிருந்த கோவாத் துண்டு ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தார். "புகார்," என்றார். "புகாருக்குள்ளை ஆருக்கும் பிழைக்கும்." போய்விட்டார்.

முதல் பொய்யை ஒரு மானுக்காகச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை யாருக்காகச் சொன்னேன்? பயம் என்றால், எதற்குப் பயம்? அவர் என்னை அடித்திருக்கமாட்டார். ஒருவருக்கும் சொல்லியிருக்கமாட்டார். அவர் கண்ணில் நான் சின்னவனாகிவிடுவேன் என்று பயந்தேன். அதற்காக அவரை ஊர்க் கண்ணில் சின்னவராக்கினேன்.

வேர்ணர் சங்கத்தை விட்டு விலகினார். துவக்கை விற்றார். அவருடைய அப்பாவும் அதே காட்டில் வேட்டையாடியவர். உணவகத்தில் வழக்கமாக வந்து குந்தும் மேசைக்காரர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: முக்கால் வேர்ணர். அவர் வராத நாட்களில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். குசினி யன்னலால் கேட்கும். நான் சட்டியைச் சத்தமாகக் கழுவுவேன்.

ஆனியில் அபிநயாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண். சுகப்பிரசவம். கைகால் எண்ணிப் பார்த்தேன்... எல்லாம் சரியாக இருந்தது.

"பாத்தீங்களே, பிள்ளையார் கைவிடேல்லை," என்றாள் வதனி. "நீங்கள் ஒரு பிழையும் விடாமல் பிடிச்ச விரதமப்பா."

ஏதாவது குறையோடு பிறந்திருந்தால் என் குற்றத்துக்குத் தண்டனை என்று அழுதிருப்பேன், கணக்கு முடிந்தது என்றும் நினைத்திருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்டனை வரவேயில்லை. பேரனைத் தூக்கும்போதெல்லாம் அவன் நெஞ்சு என் கையில் துடிக்கும். இத்தனை பெரிய கொடையை ஏன் எனக்குத் தந்தாய் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

வேர்ணர் இப்போது ஒரு நாய் வளர்க்கிறார். செம்பட்டை நிறம், தொங்கிய காது, பெயர் கோரா. காயப்பட்ட மானைத் தேடுவதற்கென்றே பழக்குகிற நாய். துவக்கு வேண்டாம், நாய் போதும் என்றார். காரில் அடிபட்டுக் காட்டுக்குள் ஓடிய மானென்றாலும், வேட்டையில் பட்டதென்றாலும், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். தன்னுடையது அல்லாத பிழைக்கு அந்த மனிதர் ஒவ்வொரு மானாகப் பதில் செய்துகொண்டிருக்கிறார். முக்கால் என்ற பெயரை ஊர் கொஞ்சம் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

நாயைப் பழக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். என்னைத்தான் கேட்டார். இறைச்சி என் குசினிக்கு வருகிறது, இரத்தம் என்னிடம் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்ல என் வாய்க்குத் தெரியாது என்று முன்னரே சொன்னேன்.

அதற்கு ஒரு சப்பாத்து இருக்கிறது. அடியில் செத்த மானின் குளம்புகளை வைத்துப் பூட்டுவது. அதைக் காலில் கட்டிக்கொண்டு, போத்தலிலிருந்து இரத்தத்தைத் துளித்துளியாக விட்டபடி நான் காட்டுக்குள் நடக்க வேண்டும். வளைந்து, திரும்பி, ஓடையைக் கடந்து, காயப்பட்ட மான் போகிற மாதிரி. முடிவில் ஒரு மான் தோலை விரித்து அதன் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சுவடு ஆறிப் பழசாகும்வரை வேர்ணர் நாயோடு காரில் காத்திருப்பார். பிறகு அதை நீண்ட வாரில் முன்னால் விட்டுப் பின்னால் வருவார்.

போன கிழமையும் போனேன். புகார். அதே பீச் மரங்கள். தோலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். நான் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இனிச் சொல்லி என்ன, அவருக்கு இந்த நாயாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்று பிறகு நினைப்பேன். அந்த இரண்டாவது நினைப்பையும் நான் இரக்கம் என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

காட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு இலைகளில் மூக்கு உரசுகிற சத்தம், மிக மெதுவாக. கோரா தலையைத் தூக்காமல் வந்தது. நான் எங்கே திரும்பினேனோ அங்கே திரும்பியது, எங்கே தயங்கி நின்றேனோ அங்கே நின்றது. என் ஒவ்வொரு அடியையும் வாசித்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு படைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. தோலிடம் அது நிற்கவில்லை. என் காலடிக்கு வந்து, குளம்புகளை முகர்ந்து, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. அதே ஈரக் கறுப்பு. அதற்குள் மரங்கள், மரங்களுக்கு நடுவில் நான்.

நீண்ட வாரைப் பிடித்துக்கொண்டு வேர்ணர் புகாருக்குள்ளிருந்து வந்தார். மூச்சு வாங்கியது. நாயின் தலையைத் தடவினார்.

"கெட்டிக்காரி," என்றார். "ஒருநாளும் பிழைக்கிறேல்லை, என்ன சிவா?"

"ஓம்," என்றேன்.

குனிந்து குளம்புகளை அவிழ்க்கத் தொடங்கினேன்.